பின்னறைக்கு ஒரு கோப்பை

அவர் சபதம் எடுத்து ஏழு வருஷம் ஆகிறது.

"ரோபோச் சண்டையில ஒரே ஒரு கோப்பை ஜெயிச்சா போதும். அன்னைக்கே பின்னறையைக் காலி பண்ணி உனக்குக் குடுத்துடறேன்."

மனைவி தையல்காரி. அவளுடைய மிஷின் ஏழு வருஷமாகச் சமையலறை மூலையில். கல்யாண கவுன் தைத்துக் கொடுத்தால், வெங்காய வாசம் என்று திரும்பி வருகிறது. பின்னறையிலோ பெல்ட்டுகள், கருகிய மோட்டார்கள், இனிமேல் கருகப்போகிற மோட்டார்கள்.

தோற்பதில் அவருக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ரோபோவின் முகப்பில் ஓர் இரும்புச் சக்கரம் சுழலும். எதிரியை ஒரே அடி அடிக்கும். உடனே உள்ளேயிருந்து புகை வரும். அடுத்த வருஷம் இன்னும் பெரிய மோட்டார். இன்னும் பெரிய புகை.

"அண்ணே, போட்டிக்கு முன்னாடி எங்க வீட்டுப் பக்கம் ஒரு தடவை ஓட்டுங்க. கொசு தாங்கல," என்பார் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர்.

இந்த வருஷம் அவர் பெல்ட்டைத் தந்தி போல இழுத்துக் கட்டினார். விரலால் சுண்டினார். 'டொய்ங்' என்றது.

"கேட்டியா? நூலளவுகூட வழுக்காது."

"கொஞ்சம் வழுக்கணுங்க. என் மிஷின்ல ஊசி தடிச்ச துணியில மாட்டிக்கிட்டா பெல்ட் வழுக்கிடும், மோட்டார் பிழைச்சுக்கும். உங்களுதுல சக்கரம் நின்னா மோட்டாரும் நிக்குது. கரண்ட் எங்க போகும்? கருகத்தான் செய்யும்."

"இது ஜிப்பு வைக்கிற வேலை இல்லம்மா. போர்!"

"சரிங்க."

அந்த 'சரிங்க'வுக்குப் பயப்பட வேண்டும் என்று இருபது வருஷத்தில் அவர் கற்றுக்கொள்ளவில்லை. ரோபோ மூடியின் ஆறு பொடித் திருகுகளை மாட்டுவது வழக்கம்போல அவள் பொறுப்பு. அவருக்குக் கிட்டத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி போடக் கௌரவம் விடாது.

போட்டியில் முதல் அடி. எதிரி சுவரில் போய் விழுந்தது. புகைக்காக அவர் கண்ணை மூடிக்கொண்டார். புகை வரவில்லை. இரண்டாவது அடி, மூன்றாவது அடி. எதிரி மல்லாந்துவிட்டது.

"எல்லாம் பெல்ட்டை இழுத்துக் கட்டின ரகசியம்!" என்று கோப்பையைப் பிடித்தபடி மைக்கில் முழங்கினார். எல்லாரையும்விட அதிக நேரம் கைதட்டியவள் மனைவி.

வீட்டுக்கு வந்ததும் பல் டாக்டரைக் கூப்பிட்டு மூடியைத் திறந்து காட்டினார். டாக்டர் பெல்ட்டை ஆட்டிப் பார்த்தார், ஆடுகிற பல்லை ஆட்டுவதுபோல.

"அண்ணே, இது லொடலொடங்குதே?"

மோட்டார் அரை விரல் நகர்ந்திருந்தது. அது புதிதாக நிற்கிற இடத்தில், ரோஸ் நிறத்தில், துணி வெட்டக் குறிக்கிற சாக்குக்கட்டியால் நேராக ஒரு கோடு.

"நீயா?"

"அரை விரல் லூஸ் விட்டேங்க."

"தெரிஞ்சுக்கிட்டே ஏழு வருஷமா சும்மாவா இருந்தே?"

"ஏழு வருஷமா சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். இப்பத்தான் செஞ்சேன். இந்த வெற்றி செல்லாதுன்னா சொல்லிடுங்க. டாக்டரண்ணன் சாட்சி. கோப்பையைத் திருப்பிக் குடுத்துடலாம். அறை உங்களுக்கே."

அவர் கோப்பையைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். பிறகு போய்த் தையல் மிஷினின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். மறுபக்கத்தை டாக்டர்.

"அப்ப நான் எங்க வேலை செய்யறது?"

கோப்பைக்குள் பொத்தான்களைக் கொட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "சமையலறை மூலை காலிதானே? அங்க புகை வந்தா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க."