பதிவேட்டில் இல்லாத விரல்

விபத்துப் பதிவேட்டில் அந்த விரல் இல்லை.

"2003-ஐ மூணு தடவை புரட்டிட்டேன் சார்," என்றாள் பாரதிப்ரியா. "உங்க விரல் எங்கயுமே வரல."

சிவசுப்பிரமணியன் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டார். ஆள்காட்டி விரல் பாதியோடு நின்றிருந்தது.

காரைக்காலில் ஒரு தொழிற்சாலையின் பயிற்சிக் கூடத்தில் மெஷினிஸ்ட், டூல் மேக்கர் அப்ரண்டிஸ்களுக்கு வகுப்பெடுப்பவர் அவர். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் அவர் புத்தகத்தைத் திறப்பதில்லை. கையைத்தான் திறந்து காட்டுவார்.

"துணி கிளவுஸ் போட்டுக்கிட்டு டிரில்லிங் மெஷின்ல நின்னேன். சுத்துற டிரில் கிளவுஸைப் புடிச்சுது. கிளவுஸ் விரலைப் புடிச்சுது. அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு மெஷின் ஓடும்போது யாரும் கிளவுஸைத் தொடமாட்டார்கள். இருபத்திரண்டு வருடங்களாக இப்படித்தான். இந்த வருடம் புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி பாரதிப்ரியாவும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டாள்.

"பழைய கதை மேடம். விட்டுடுங்க."

"எப்படி சார் விடுறது? அடுத்த மாசம் ஆடிட். முப்பது பேர் முன்னாடி சொல்லியிருக்கீங்க. ஒரே ஒரு ஃபாரம், நிரப்பிக் கொடுத்துடுங்க."

ஃபாரத்தை வாங்கிக்கொண்டார். வாங்காமல் இருக்க ஒரே வழி உண்மையைச் சொல்வது. அதை அவரால் சொல்ல முடியாது.

விரலை எடுத்தது மெஷின் அல்ல, அண்ணன் சோமசேகரனின் மண்வெட்டி. கோட்டுச்சேரியில் இருவருக்கும் பொதுவான வரப்பை அண்ணன் செதுக்கிக்கொண்டிருந்தார். "ஒரு பிடி மண்ணு என் பக்கத்துலேர்ந்து போகக் கூடாது" என்றார் தம்பி. "போகும்" என்றார் அண்ணன். தம்பி குனிந்து வரப்பின் மேல் கையை வைத்து, "வெட்டு பார்ப்போம்" என்றார். அந்த வீட்டில் யாரிடமும் அப்படிச் சொல்லக் கூடாது. சொன்னால் செய்துவிடுவார்கள்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் தாத்தா அங்கே மேயராக இருந்தவர். இன்றும் ஊர் அதை மேர் வீடு என்றுதான் சொல்லும். மேர் வீட்டுப் பிள்ளைகள் வரப்புக்காக வெட்டிக்கொண்டார்கள் என்ற பேச்சு வரக் கூடாது. அதற்காகத்தான் அந்தக் கிளவுஸ் கதை. அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஃபாரத்தில் எந்த மெஷின் என்று கேட்டிருந்தது. மூன்றாம் நம்பர் என்று எழுதினார்.

மறுநாள் பாரதிப்ரியா வந்தாள். "சார், மூணாம் நம்பரை வாங்குனதே 2009-லதான்."

"அப்ப... ஒண்ணாம் நம்பரா இருக்கும்."

"இருக்குமா, இதுதானா சார்?"

"இதுதான்."

அன்று மதியம் இரண்டு மெஷின்களிலும் சிவப்பு அட்டை தொங்கியது. எது விரலை எடுத்தது என்று தெளிவாகும் வரை இரண்டையும் ஓட்டக் கூடாதாம். பயிற்சிக் கூடத்தில் ஓடுகிற டிரில்லிங் மெஷின்களே அந்த இரண்டுதான். செய்முறைத் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது.

முப்பது அப்ரண்டிஸ்களும் இரும்புத் துண்டில் துளை போட வேண்டிய இடத்தைக் குறித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"சார், ஓட்டைய படமா வரைஞ்சு காட்டுனா மார்க் போடுவாங்களா?" என்றான் முகிலன். கிளிஞ்சல்மேட்டிலிருந்து வருகிறவன். வாய் சும்மா இருக்காது.

"உக்காருடா."

"உக்காந்துதான் சார் இருக்கோம். ரெண்டு நாளா."

அவர் பாரதிப்ரியாவிடம் போனார். "மெஷின் மேல ஒரு தப்பும் இல்ல மேடம். கிளவுஸ் போட்டதுதான் தப்பு. அட்டைய எடுத்துடுங்க."

"கிளவுஸோட வேலை செய்ய விட்டது யார் சார்? அப்ப யாரு ஃபோர்மேன்?"

அவர் வாயைத் திறக்கவில்லை. பழைய வருகைப் பதிவேடு திறந்தது. ஃபோர்மேன் சஃபியுல்லா என்று அதில் பச்சை மையில் இருந்தது. ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகத் தலத்தெருவில் இருக்கும் மனிதருக்கு, 'கண்காணிப்பில் அலட்சியம்' என்று விளக்கம் கேட்டுக் கடிதம் போயிற்று. அட்டைகளும் அப்படியே தொங்கின.

தருமபுரத்தில் இருக்கும் தன் வீட்டில், மனைவி ராஜத்திடம் மட்டும் நடந்ததைச் சொன்னார்.

"ஃபாரத்துல வேற என்னங்க கேட்டிருந்தாங்க?"

"ஆஸ்பத்திரிக்கு யாரு கொண்டுபோனதுன்னு."

"என்ன எழுதுனீங்க?"

"அண்ணன் பேரை."

ராஜம் கரண்டியைக் கீழே வைத்தாள். "வெட்டுன ஆளு பேரையா?"

"அவன்தானே கொண்டுபோனான். அவன் சைக்கிள் கேரியர்லதானே உக்காந்து போனேன். அதுல எப்படிப் பொய் எழுதுறது?"

"மத்த எல்லாத்துலயும் எழுதுனீங்களே, அதே மாதிரிதான். இப்ப அந்தப் பொண்ணு நேரா கோட்டுச்சேரிக்குப் போயி அவரு வாசல்ல நிக்கப் போவுது. ஒரு எட்டு போயி, இன்னது சொல்லுன்னு பேசிட்டு வாங்க."

"நான் அவன் வாசப்படி ஏறுறதா?"

"ஏறாதீங்க. தெருவுல நின்னு சொல்லுங்க."

"ராஜம்!"

"விரலு போயி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. வெறப்பு மட்டும் போவல," என்றபடி அவள் மறுபடி கரண்டியை எடுத்தாள்.

அவர் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து மாலையில், தலத்தெரு டீக்கடையில் சஃபியுல்லா அவரைக் கண்டுபிடித்தார். கையில் அந்தக் கடிதம் நான்காக மடிந்திருந்தது.

"தம்பி, ஒரு சந்தேகம். உங்களுக்கு எந்த ஷிஃப்ட்ல ஆச்சு?"

"ஏன் பாய்?"

"யோசிச்சு யோசிச்சுப் பார்க்குறேன், ஞாபகமே வரல. முப்பத்தோரு வருஷம் இருந்தேன். என் ஒர்க்ஷாப்புல ஒரு சொட்டு ரத்தம் விழலன்னு எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நீங்க கையில கட்டோட வந்தது ஞாபகம் இருக்கு. கட்டுறதுக்கு முன்னாடி நடந்தது ஞாபகத்துல இல்ல."

சிவசுப்பிரமணியன் டீயைக் குடிக்கவில்லை.

"வயசு ஆச்சுல்ல," என்றார் சஃபியுல்லா. "மறந்திருக்கேன். ஒரு புள்ளைக்கு விரல் போயிருக்கு, அதைப் போயி மறந்திருக்கேன் பாருங்க. என்ன மனுசன் நான்? நாளைக்கு வந்து, என் தப்புதான்னு கையெழுத்து போட்டுடுறேன். நீங்க என்னை மன்னிச்சிடணும்."

கிழவர் இரண்டு கைகளையும் கூப்பினார். பத்து விரல்களும் முழுசாக இருந்தன.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வகுப்பு. சிவசுப்பிரமணியன் சலவைச் சட்டையோடு வந்தார். பாரதிப்ரியாவையும் வரச் சொல்லியிருந்தார். அவள் ஒரு ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக வந்தாள்.

"சார், ஒரு நிமிஷம் வெளிய வாங்களேன்."

"இங்கதான் மேடம் பேசணும். நீங்களும் கேளுங்க."

"இல்ல சார், அதுக்கு முன்னாடி..."

"குறுக்க பேசாதீங்க!" என்றார். அந்தக் குரலை அவள் அதுவரை கேட்டதில்லை. கதவோரம் நின்றுவிட்டாள்.

அவர் கையை உயர்த்தினார். முப்பது பேரும் பார்த்தார்கள்.

"இந்த விரல் மெஷின்ல போவல. நான் பொய் சொன்னேன். என் கூடப் பொறந்த அண்ணன், கோட்டுச்சேரி மேர் வீட்டு சோமசேகரன், வரப்புத் தகராறுல மண்வெட்டியால வெட்டுனான். குடும்பப் பேரு கெட்டுடும்னு மறைச்சேன். ஒரு நல்ல மனுசன் பேரு கெடுறதுக்குப் பதிலா எங்க பேரு கெடட்டும். எழுதிக்குங்க மேடம்."

வகுப்பில் பாதிப் பேர் கோட்டுச்சேரி பஸ்ஸில் வருகிறவர்கள். மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அவருக்கு அது தெரியும். இருந்தும் முதுகு வளையாமல் நின்றார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக மூச்சு முழுசாக உள்ளே போய் வந்தது.

முகிலன் மெல்ல எழுந்தான். "அப்ப கிளவுஸ் போட்டுக்கலாமா சார்?"

"செருப்பு பிஞ்சிடும். உக்காரு."

பாரதிப்ரியா ஃபைலைத் திறக்கவில்லை. அவர் அருகில் வந்து, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"நேத்து கோட்டுச்சேரிக்குப் போயி விசாரிச்சேன், உங்க அண்ணன் காலையில எட்டு மணிக்கே வந்து எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டாரு சார், பாய் மேல போட்ட லெட்டரையும் ரத்து பண்ணிட்டேன், ஃபைலை மூடியாச்சு, 'வெளிய தெரிஞ்சா என் தம்பி தலை நிமிர்ந்து நடக்க மாட்டான், யார்கிட்டயும் சொல்லிடாத தாயி'ன்னு என் கையைப் புடிச்சு சத்தியம் வாங்கிட்டு இப்பதான் போறாரு."