முதற்பாதையோடு நின்றவர்

செவியிரண்டு பெற்றிருந்தும், முதற்சொல்லை மட்டும் உள்ளே விட்டுக் கதவடைத்துக்கொள்ளும் ஓரினம் நம்மிடையே உலவுகிறது, வாசகரே. நாகல் நகரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வீற்றிருக்கும் சிவபிரகாஷ் அவ்வினத்தின் திலகம். "ஏங்க, வரும்போது தேங்கா, சேனக்கெழங்கு, கருவேப்பில வாங்கிட்டு வாங்க" என்று மனைவி கௌசல்யா சொல்லியனுப்பினால், மாலையில் தேங்காய் வரும். அதையும் நாடு வென்றவர்போல் ஏந்தி வருவார். மாவலியிடம் மூன்றடி மண் கேட்ட வாமனர் இவரிடம் கேட்டிருந்தால், ஓரடியோடு ஊர் திரும்பியிருப்பார்.

படைத்தவன் சாயல் படைப்பில் இராதா? கோப்புறையின் பாதையைத் தட்டச்சிட்டால் உள்ளிருக்கும் கோப்புகளை வரிசையாகக் காட்டும் கருவியொன்றை, அலுவலகத்துக்கென அவரே இயற்றினார். மூன்று பாதைகளை அடுத்தடுத்துக் கொடுத்தாலோ, அது முதலாவதைக் காட்டிவிட்டு, மற்றவை காதில் விழவேயில்லை என்பதுபோல் மௌனம் சாதிக்கும். பிழையென்று ஒரு சொல்? கிடையாது.

"மத்த டூலெல்லாம் எத்தன குடுத்தாலும் காட்டுதேண்ணே" என்றான் உடன் பணிபுரியும் பிரபு.

"ஒவ்வொண்ணா கேளு அப்பு. வாய்க்குள்ள ஒரு கவளந்தான போகுது?"

பழைய வன்தட்டு ஒன்றிலிருப்பதை வேறிடத்தில் எடுத்துவைத்துவிட்டு, அதை முழுதாய் அழிக்கும் பணி, புதிதாய்ச் சேர்ந்த அறிவுச்செல்விக்கு வந்தது. அதிலிருந்த மூன்று கோப்புறைகளுள் நடுவணதில்தான், பழனியில் எடுத்த தம் மகளின் காதுகுத்துப் படங்களைச் சிவபிரகாஷ் வைத்திருந்தார், வேறெங்கும் நகலில்லை. பாவம், அறிவுச்செல்வி அவரது கருவியில் மூன்று பாதைகளையும் சேர்த்தே தட்டச்சிட்டாள்.

"அண்ணே, மொத ஃபோல்டர்ல இருந்தத எடுத்து வச்சுட்டேன். மத்த ரெண்டும் காலி போல, ஒண்ணுமே வரல. டிஸ்க்க அழிச்சிரவா?"

'எடுத்து வச்சுட்டேன்' என்ற அமுதமொழியோடு அவர் செவிக்கதவு சாத்திக்கொண்டது. "நல்லதும்மா, செய்யி."

செய்தாள்.

மறுநாள் கௌசல்யா சொன்னார்: "பிள்ள காதுகுத்துப் படத்த எங்கம்மா கேக்குறாங்க. வரும்போது எடுத்துட்டு வாங்க." இல்வாழ்வில் முதன்முறையாக ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார், அந்த ஒன்றைத்தான் அவரால் கொண்டுவர இயலவில்லை.

அழிவுக்குப்பின் ஞானம் பிறந்தது. கருவியைத் திருத்தினார். இப்போது அது இரண்டு பாதைகளை ஏற்கிறது.

"மூணு குடுத்தா என்னண்ணே ஆகும்?" என்றான் பிரபு.

"என் படம் ரெண்டாவதுலதான அப்பு இருந்துச்சு?"

நகைக்கிறீர்கள், வாசகரே, நன்றாக நகையுங்கள். அதற்கிடையே ஒன்று: கௌசல்யா தேங்காயோடு வேறென்னென்ன வாங்கிவரச் சொன்னார்? மேலே பாராமல் சொல்லுங்கள், பார்ப்போம்.