உங்க இஷ்டம்

"உள்ள என்னடா பண்றே? டேங்க்ல தண்ணியே தீந்துபோச்சு."

குளியலறைக் கதவுக்கு வெளியே அக்கா. உள்ளே, கையில் ரப்பர் பந்துடன் மாஸ்டர்.

பந்து என்றால் விளையாடுகிற பந்து இல்லை. முனையில் சிறு குழல் வைத்தது. வெதுவெதுப்பான தண்ணீரை நிரப்பி, பின்வழியாகச் செலுத்தி, குடலின் கடைசிப் பகுதியைக் கழுவிக்கொள்ள உதவுவது. மருந்துக்கடையில் எனிமா பல்பு என்று கேட்டால் கொடுத்துவிடுவார்கள். மாஸ்டருக்குக் கேட்க வாய் வரவில்லை. "அது வந்து, இப்படி அமுக்கினா..." என்று காற்றில் அமுக்கிக் காட்டினார். கடைக்காரம்மா முதலில் குழந்தைக்கு மூக்குச்சளி உறிஞ்சும் பம்ப்பை எடுத்துவைத்தார், பிறகு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்துவைத்தார். ஒருவழியாக இது வந்தபோது கடையில் இருந்த எல்லோருக்கும் விஷயம் புரிந்திருந்தது.

"வயிறு சரியில்லக்கா," என்றார் மாஸ்டர், கதவைப் பார்த்து.

அன்றைய முதல் பொய் அதுதான். அதை மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்.

மாஸ்டர் ஒரு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பவர். நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அக்கா, அத்தான் வீட்டில் ஓர் அறை அவருடையது. பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுவது யாராக இருந்தாலும், வண்டியை நிறுத்துவது அவர் கால்தான். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாலும் அந்தக் கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும்.

போன வருடம் அவரிடம் கார் பழக வந்தவர் கண்ணாடிக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், உயரமானவர், அதிகம் பேசாதவர். முதல் நாள் கிளட்ச்சைப் பொசுக்கென்று விட்டு வண்டியை மூன்று முறை அணைத்தார். "அவசரமே இல்ல, மெதுவா விடுங்க. வண்டியே சொல்லும்," என்றார் மாஸ்டர். கண்ணாடிக்காரர் திரும்பிப் பார்த்தார். "இதுவரைக்கும் என்கிட்ட அவசரமே இல்லன்னு யாருமே சொன்னதில்ல," என்றார். அங்கே ஆரம்பித்தது.

லைசென்ஸ் வாங்கிய பிறகும் கண்ணாடிக்காரர் பழக வந்துகொண்டே இருந்தார். பிறகு கார் இல்லாமலும் சந்தித்தார்கள். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அணைத்துக்கொண்டார்கள். அதற்கு அந்தப் பக்கம் போக இரண்டு பேருக்குமே தைரியம் போதவில்லை. போன வாரம் கடையை மூடிவிட்டு, கண் பரிசோதிக்கும் இருட்டறையில் நின்றபடி கண்ணாடிக்காரர்தான் மெல்லக் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வர்றீங்களா? முழுசா."

முழுசா என்ற சொல்லில் மாஸ்டருக்குக் காது சூடாகிவிட்டது.

"உங்க இஷ்டம்," என்றார்.

"இல்லல்ல. உங்க இஷ்டம்."

"உங்க இஷ்டம்தாங்க."

அவ்வளவுதான் பேச்சு. யார் என்ன செய்வது, யார் எப்படி இருப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. நாள் முழுக்க வருகிறவர் போகிறவரிடமெல்லாம் 'இதுல தெளிவா தெரியுதா, இல்ல அதுலயா' என்று கேட்டுப் பிழைக்கிற மனிதர், அந்த ஒரு கேள்வியை விட்டுவிட்டார். உயரமானவர், வயதில் மூத்தவர், கூப்பிட்டதும் அவர்தான். ஆகவே உள்வாங்கிக்கொள்ள வேண்டியது தாம்தான் என்று மாஸ்டர் தாமே முடிவு செய்துகொண்டார். பயமாக இருந்தது. வலிக்குமோ, அசிங்கமாகிவிடுமோ, கடைசி நேரத்தில் உடம்பு இறுகிப்போய் அவரை ஏமாற்றிவிடுமோ என்றெல்லாம் பயம். இந்த மனிதரை விட்டால் தமக்கு இன்னொருவர் கிடையாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இன்று சொதப்பக் கூடாது.

வாரம் முழுக்க இணையத்தில் தேடிப் பாடம் படித்தார். நார்ச்சத்து, ஜெல், ஆணுறை, நிதானம். மனசையும் தயார் செய்துகொள்ள வேண்டும், தன்னை இன்னொருவர் கையில் விடப் பழக வேண்டும் என்று ஓரிடத்தில் போட்டிருந்தது. மாஸ்டர் அதையும் செய்து பார்த்தார். சனிக்கிழமை பழக வந்த பல் டாக்டரம்மா வண்டியைத் திருப்பும்போது, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, கண்ணை மூடி, மூச்சை நிதானமாக வெளியே விட்டார். மூச்சு முடிவதற்குள் கார் ஒரு குப்பைத்தொட்டியில் ஏறி நின்றது.

"நீங்க ஏன் பிரேக் போடல மாஸ்டர்?" என்று அந்தம்மா அழுதார்.

"மனசைப் பழக்கிட்டு இருந்தேம்மா," என்றார் மாஸ்டர்.

குளியலறையிலிருந்து வெளியே வந்தபோது சாப்பாட்டு மேஜையில் சுடச்சுட ஏதோ கஷாயம் ஆவி பறக்க இருந்தது.

"வயிறு சரியில்லைன்னியே. இதைக் குடி, நின்னுடும்."

"வேணாங்க்கா."

"நேத்து ராத்திரியும் சாப்பாட்டுல பாதியில எழுந்துட்டே. இன்னைக்குக் காலையில ஒண்ணும் தொடல. இப்பவும் வேணாங்கறே."

அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடை மட்டும் எழுதினால் மார்க் போட மாட்டார், எப்படி வந்தது என்று ஒவ்வொரு வரியும் வேண்டும். வீட்டிலும் அப்படித்தான்.

கழுவி வைத்த வயிற்றில் இப்போது எதையாவது ஊற்றினால் பட்ட பாடெல்லாம் வீண். மாஸ்டர் அவசரத்தில் கைக்கு அகப்பட்ட பொய்யை எடுத்துவிட்டார்.

"சாயங்காலம் ஒரு டெஸ்ட் இருக்குக்கா. வெறும் வயித்துல வரச் சொல்லியிருக்காங்க."

அக்காவின் கை அப்படியே நின்றது.

"என்ன டெஸ்ட்?"

"சும்மா. குடல்ல."

அக்கா உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் மாஸ்டருக்குத் தாம் என்ன சொல்லித் தொலைத்தோம் என்பது உறைத்தது. அவர்கள் அப்பா போனது குடல் புற்றில். வயிறு சரியில்லை, வயிறு சரியில்லை என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்து, கடைசியில் ஒரு நாள், சும்மா ஒரு டெஸ்ட் என்று சொல்லிவிட்டுப் போனவர்.

"அப்பாவும் இப்படித்தான்டா மறைச்சார்," என்றார் அக்கா. குரல் உடைந்துவிட்டது. "ரத்தம் போகுதா?"

"இல்லக்கா, அதெல்லாம் இல்ல."

"டாக்டர் யாரு?"

"ஒருத்தர்... நல்லவர்."

"ஞாயித்துக்கிழமையில எந்த டாக்டர்டா டெஸ்ட் எடுக்கறார்? கணக்கு இடிக்குதே."

"தனியா பாக்கறார்க்கா. வீட்டுல."

அந்தச் சமயம் பார்த்து அத்தான் குளியலறையிலிருந்து ரப்பர் பந்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் குடிநீர் வாரியத்தில் குழாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கருவியைப் பார்த்தாலும் அதன் முனையை ஒருமுறை ஊதிப் பார்ப்பார். மாஸ்டர் பாய்ந்து பிடுங்கிக்கொண்டார்.

"எனிமாவா?" அத்தான் முகம் மலர்ந்துபோனது. "மச்சான், உனக்குக் கேமரா விடறாங்களா?"

இரண்டு வருடத்துக்கு முன் அத்தானுக்குக் கேமரா விட்டுக் குடலைப் பார்த்தார்கள். மயக்க மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முழு விழிப்போடு திரையில் தன் குடலைத் தானே பார்த்தவர். அந்தக் கதையைக் கேட்க வீட்டில் இனி ஆள் இல்லை என்று இருந்த நேரத்தில் இப்படி ஒருவன் கிடைத்திருக்கிறான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இங்க பாரு மச்சான். முதல்ல, பயத்துல இறுக்கிக்கக் கூடாது. நீ இறுக்கினா அது முரண்டு பிடிக்கும். மூச்சை நல்லா இழுத்து, மெதுவா வெளிய விடு. விடும்போது லேசா முக்கற மாதிரி பண்ணு. தானா வழி விட்டுடும்."

"எதுக்குங்க இப்ப இதெல்லாம்," என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"பயப்படறான்ல. சொல்ல வேணாமா? இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்துக்கோ. முழங்காலை மடக்கிக்கோ."

"ஒருக்களிச்சாத்தான் நல்லதா அத்தான்?" என்று கேட்டுவிட்டார் மாஸ்டர். கேட்ட பிறகுதான் கேட்டது தெரிந்தது.

"முதல் தடவைக்கு அதான் சுகம். அப்புறம் ஜெல்லு. அதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணவே கூடாது. இன்னும் கொஞ்சம் போடுங்கன்னு வாயைத் தொறந்து கேளு. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு, நிறுத்தச் சொல்லு. அங்க போய் வீரம் காட்டாதே. மரத்துப்போற மருந்து எதையும் நீயா வாங்கித் தடவிக்காதே, வலி தெரியாம உள்ள புண்ணாயிடும்." அத்தான் குரலைத் தாழ்த்தினார். "எல்லாத்துக்கும் மேல நம்பிக்கை வேணும் மச்சான். இவர் நமக்குக் கெடுதல் பண்ண மாட்டார்னு மனசு நம்பிச்சுன்னா உடம்பு தானா விடும். உன் டாக்டர் எப்படி? கை மென்மையா?"

மாஸ்டர் தரையைப் பார்த்தார். "மென்மைதான்," என்றார்.

வாரம் முழுக்கப் படித்ததில் இல்லாத தெளிவு அந்தக் கால்மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. அத்தானைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போல் இருந்தது. உண்மையைச் சொல்லி நன்றி சொல்லத்தான் வழியில்லை.

"கிளம்பு, நானும் வர்றேன்," என்று எழுந்தார் அத்தான். "கூட ஒரு ஆள் இல்லாம போகக் கூடாது. நான் பக்கத்துலயே நின்னு கையைப் பிடிச்சுக்கறேன்."

"வேணாம் அத்தான்!" மாஸ்டர் கத்தியே விட்டார்.

"நானும் வர்றேன். டாக்டர்கிட்ட நான் பேசணும்," என்றார் அக்கா.

ஒன்றை மூட இன்னொன்று திறந்துகொண்டே போனது. மாஸ்டர் பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"துணைக்கு ஆள் இருக்குக்கா. அந்தக் கண்ணாடிக்காரர் கூட வர்றார்."

இது நன்றாகத்தான் வேலை செய்தது. அக்காவுக்கு அவரைத் தெரியும், மூக்கில் இருக்கிற கண்ணாடியே அவர் போட்டுக்கொடுத்ததுதான். 'இந்த ஃப்ரேம் உங்களுக்குக் கொஞ்சமும் பொருந்தலைங்க' என்று விற்கிற கடைக்காரரே சொல்லி, விலை குறைந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருப்பார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்பது அக்கா அவருக்குக் கொடுத்திருக்கும் மார்க்.

"அவரா? அப்ப சரி," என்றார் அக்கா. மாஸ்டருக்கு மூச்சு வந்தது. அந்த நிம்மதியில், கடைசியாக ஒருமுறை குளியலறைக்குப் போய்வந்துவிடலாம் என்று தோன்றியது. பையை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அங்கேதான் தப்பு செய்தார்.

உள்ளே இருக்கும்போதே அக்கா போனில் பேசும் குரல் கேட்டது. டீச்சர் குரல், எந்தக் கதவும் தடுக்காது.

"வணக்கங்க. நான் மாஸ்டரோட அக்கா பேசறேன். தம்பி எல்லாம் சொல்லிட்டான்."

மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"காலையிலேருந்து பச்சத்தண்ணி கூடப் பல்லுல படல. எனிமா கூட அவனே எடுத்துக்கிட்டான். மேலுக்குக் காட்டிக்க மாட்டான், ஆனா உள்ளுக்குள்ள நடுங்கறான். உங்களைத்தான் நம்பி வர்றான். கொஞ்சம் பாத்துக்கோங்க."

காலடியில் பிரேக் இருப்பதுபோல மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்தியது. எதுவும் நிற்கவில்லை.

"சரிங்க... ரொம்ப சந்தோஷம். போற வழியில இங்க வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டு அவனைக் கூட்டிட்டுப் போங்களேன். உங்களுக்கென்ன, நீங்க சாப்பிடலாமே... என்னது?... ஏன்?"

அப்புறம் அந்தப் பக்கம்தான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

"ஓ," என்றார் கடைசியில். "சரிங்க. வெச்சிடறேன்."

எல்லாம் போயிற்று என்று மாஸ்டர் நினைத்தார். தம் மானம் போயிற்று, கண்ணாடிக்காரர் பயந்து விலகிவிடுவார், இந்த வீட்டில் இனி தலைநிமிர முடியாது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார்.

மேஜையில் பை திறந்திருந்தது. போன் பேசும்போது ஒரு துண்டு எடுத்து வைப்பதற்காக அக்கா திறந்திருக்கிறார். ஜெல் குழாயும் ஆணுறைப் பெட்டியும் வெளியே இருந்தன. அக்கா, கரும்பலகையில் பையன் போட்டுவிட்டுப் போன கணக்கைப் பார்ப்பதுபோல அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க," என்றார் அத்தானைப் பார்க்காமலே. "மாடியில காயற துணியைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க."

"இப்பவா? இன்னும் காஞ்சிருக்காதே."

"போங்க."

அத்தான் போனார்.

"உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார் அக்கா.

"இல்லக்கா."

"அப்பா மாதிரி எதுவும்..."

"இல்லவே இல்லக்கா. சத்தியமா."

அக்கா நீளமாக ஒரு மூச்சு விட்டார். கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். ஜெல்லையும் பெட்டியையும் எடுத்து ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார், மேலே துண்டை மடித்துப் போட்டார், ஜிப்பை இழுத்து மூடிப் பையைத் தம்பி கையில் கொடுத்தார்.

"பாவம்டா, அவரும் காலையிலேருந்து பட்டினியாம். அவருக்கும் இன்னைக்கு இதே டெஸ்டுதானாம்," என்றார். "அப்ப உங்க ரெண்டு பேருல டாக்டர் யாரு?"