கியூபெக்கில் ஒரு பிராக்

ஐரோப்பாவில் அக்கா இருப்பவன் ஐரோப்பாவைப் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. என் அக்கா ஜெர்மனியில், டோர்ட்முண்டில் இருக்கிறா. கனடாவில் நாங்கள் இருக்கும் ஸ்காபரோவிலிருந்து அந்தப் பக்கம் போனபோதெல்லாம் நாங்கள் கண்டுகளித்த இடங்கள் இவை: அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசை, அத்தானின் தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேசை, அவருடைய சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஒரு வீட்டில் சாப்பிட்டு மற்ற வீட்டை விட்டால் பரம்பரைப் பகை. (ஆட்டிறைச்சிக் கறி மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.)

அதனால் கலியாண வெள்ளிவிழாவுக்கு மனுசி ஒரு நிபந்தனை போட்டாள். "இஞ்சேருங்கோ, இந்த முறை ஊர் பாக்கப் போறம். சொந்தம் பாக்க இல்லை."

ஒருவருக்கும் மூச்சு விடாமல், ஜெர்மனிக்குப் பக்கத்து நாட்டிலிருக்கும் பிராக் நகரத்துக்குப் போனோம். சிலைகள் வரிசையாக நிற்கும் சார்ள்ஸ் பாலம், மேட்டில் கோட்டை, மணியடிக்கும்போது அப்போஸ்தலர்கள் ஜன்னலால் எட்டிப் பார்க்கும் பழைய மணிக்கூடு, எல்லாம் பார்த்தோம். எவர் வீட்டிலும் ஒரு பிடி சோறு தின்னவில்லை. சொர்க்கம்.

அடுத்த கோடையில் அக்காவும் அத்தானும் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மகளின் பட்டமளிப்புப் படங்களைக் காட்டுகிறேன் பேர்வழி என்று போனை டிவியோடு இணைத்தேன். விரல் கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டது. சுவர் அகலத்துக்கு நானும் மனுசியும் சார்ள்ஸ் பாலத்தில் பல் இளித்துக்கொண்டு நின்றோம்.

"உது எவடமடா?" என்றா அக்கா.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் வாய் என்னைக் கேட்காமலே "கியூபெக்!" என்றது. (அங்கும் பழைய கல்வீடுகள் உண்டு. கனடாவுக்குள் இருப்பதால் அக்காவிடம் அனுமதி எடுக்கத் தேவையில்லை.)

போனை அணைக்கப் பதறியதில் அடுத்த படம் வந்து விழுந்தது. மணிக்கூடு.

அத்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "கியூபெக்கில உப்பிடியொரு மணிக்கூடோ, மச்சான்?"

"ஓம் அத்தான். பிரெஞ்சுக்காரன் விட்டிட்டுப் போனது."

"அருமையாக் கிடக்கு. அப்ப நாளைக்கு விடிய வெளிக்கிடுவம்."

கியூபெக் என்ன பக்கத்துப் பிளாசாவா? ஒன்பது மணித்தியால ஓட்டம். கோப்பிக் கடை கண்ட இடமெல்லாம் காரை நிறுத்தினேன். கார்ச் சில்லில் காற்றுப் போகாதா, பனி கொட்டி ரோட்டை மூடாதா என்று ஏங்கினேன். (ஜூலை மாதம்.) பின்சீட்டில் அக்காவுக்குப் பக்கத்தில் மனுசி இருந்தாள். கண்ணாடியில் அவள் கண்களைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அத்தானோ விடுவதாயில்லை.

"அந்தப் பாலத்தில கார் போகுமோ?"

"இல்லை அத்தான், நடைதான்."

"சிலையள் ஆர் செய்தது?"

"உள்ளூர்ப் பெடியள்."

போய் இறங்கினால், ஆற்றோர மேட்டில் கோபுரங்களோடு பெரிய ஹோட்டல் ஒன்று நின்றது. கடவுளே அனுப்பியது! "உதுதான் கோட்டை!" என்று கத்தினேன்.

"படத்தில வேற மாதிரியெல்லோ கிடந்தது?" என்றா அக்கா.

"கூரை மாத்திப்போட்டாங்கள்."

"பாலம்?"

"வெள்ளம் கொண்டு போட்டுது."

"சிலையளோடயோ?"

"சிலையளோட."

"அப்ப மணிக்கூடு?" என்றார் அத்தான்.

"திருத்தக் கொண்டு போட்டாங்கள்."

"எங்கை மச்சான்?" அத்தான் ஆற அமரக் கேட்டார். "பிராக்குக்கோ?"

முதலில் சிரித்தது மனுசிதான். (துரோகி.)

"நாங்கள் பிராக்குக்குக் காரிலயே போய் வாற ஆக்கள். முதல் படத்திலயே பிடிச்சிட்டன்," என்றார் அத்தான்.

"பிறகேன் இவ்வளவு தூரம் ஓட விட்டனீங்கள்?"

"ஹைவேயில எந்த எக்சிற்றில திரும்பி உண்மையைச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு வந்தன்."

அக்கா சிரிக்கவில்லை. தெருவோர வாங்கில் போய் இருந்தா. "ஏனடா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ சமைக்க வெளிக்கிட்டிடுவாய்."

"எனக்கென்ன, சமைக்க ஆசையோ? நீங்கள் வந்தால் நான் குசினியை விட்டு வெளியில வாறதில்லை. ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நானும் உங்களோட வந்திருப்பன்."

பாலத்துக்கும் கோட்டைக்கும் பதில் வைத்திருந்த நான் வாங்கில் அவவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

அத்தான் அந்த ஹோட்டலுக்கு முன்னால் என்னை நிறுத்திப் படம் எடுத்தார். இப்போது அது டோர்ட்முண்டில் அவர்கள் வரவேற்பறையில் தொங்குகிறது. கீழே கொட்டை எழுத்தில் "பிராக்". வருகிறவர்களிடம் அவர் கதையைச் சொல்வதில்லை. படத்தைக் காட்டி, "விபரம் வேணுமெண்டா மச்சானைக் கேளுங்கோ" என்று என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்.

போன கிழமையும் முன்பின் தெரியாத ஒருவர் எடுத்தார். "அண்ணை, பிராக்கில கட்டாயம் பாக்க வேண்டிய இடமெல்லாம் உங்களுக்குத் தண்ணிபட்ட பாடாமே?"

"முதல் இடம் டோர்ட்முண்ட்," என்றேன். "அங்கை என்ர அக்காவை ஏத்திக்கொண்டு போங்கோ. கவனம், சமைக்க விட்டிடாதேங்கோ."