இரண்டாவது சிஸ்டம் போட்டுத் தருபவர்

அடுத்தவர் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் மட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டால் தொண்டையில் சோறு இறங்காத ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. பார்வைக்கு நம்மைப் போலவே இருக்கும். சட்டை போடும், பேருந்துக்கு நிற்கும், குழந்தையைப் பார்த்தால் கன்னத்தைக் கிள்ளும். பையில் மட்டும் எப்போதும் ஒரு பென் டிரைவ் இருக்கும். அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தவுடன் ஓட வேண்டும்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதலில் விழித்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் தட்டி எழுப்பி வேலை வாங்குகிற மென்பொருளுக்குத்தான் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். ஒரு கம்ப்யூட்டருக்கு ஒன்று போதும். உங்களுக்குப் போதும், எனக்குப் போதும், செய்தவனுக்கே போதும். இவருக்குப் போதாது. இருக்கிற ஒன்றுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி, தடுப்புச் சுவர் கட்டி, இன்னொன்றைக் குடியேற்றினால்தான் இவருக்கு மனசு ஆறும்.

இவர் எப்படி உள்ளே வருவார்? நல்லதுக்கும் கெட்டதுக்கும் வருகிற மாதிரிதான் வருவார். எங்கள் மாடி வீட்டில் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் வழுக்கி விழுந்து, காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். நலம் விசாரிக்கப் போன நம் ஆள், "கால் எப்படி சார் இருக்கு?" என்று கேட்டது கட்டிலைப் பார்த்து அல்ல, அறையின் மூலையில் மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்து.

"என்ன சார், இது இவ்வளவு மெதுவா எந்திரிக்குது?"

"இருக்கட்டும் தம்பி. நானே மெதுவாத்தான் எந்திரிக்கிறேன்."

"பக்கத்துல இன்னொண்ணு போட்டுத் தரேன். பழசு அப்படியே இருக்கும். புதுசு அது பாட்டுக்கு ஓரமா இருக்கும்."

"ஓரமா இருக்கிறதுக்கு எதுக்குப்பா இன்னொண்ணு?"

"இருக்கட்டும் சார். ஒண்ணும் ஆகாது."

இந்த 'ஒண்ணும் ஆகாது' இருக்கிறதே, இதைக் கேட்டவுடன் மின்சாரத்தைப் பிடுங்கிவிடுவது நல்லது. பாவம், கணக்காளரால் எழுந்து போய்ப் பிடுங்க முடியவில்லை. அன்றிலிருந்து அவர் கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒரு கறுப்புத் திரையைக் காட்டி, 'பழசா, புதுசா?' என்று கேட்கிறது. பதில் சொல்லப் பத்து நொடி கெடு. அதற்குள் கீழ்நோக்கிய அம்புக்குறியைத் தட்டிப் பழசைத் தேர்ந்தெடுக்காவிட்டால் புதுசு தானாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். வீட்டில் யாராவது திறந்துவிட்டுப் போனாலும், கட்டுப் போட்ட காலோடு மேசைக்கு வந்து சேருவதற்குள் கெடு முடிந்துவிடுவதால், அவர் இப்போது கட்டிலில் இருந்தபடியே குடைக்காம்பை நீட்டி அந்த விசையைக் குத்துகிறார். நல்ல குறி. பக்கத்து விசைகள் இரண்டு மட்டும் பெயர்ந்து வந்துவிட்டன.

சரி, இவ்வளவு பாடுபட்டுப் போட்ட புதுசில் இவர் தம் வீட்டில் என்னதான் வேலை செய்கிறார் என்கிறீர்களா? அப்டேட் செய்கிறார். அப்டேட் ஆனதும் பின்னணிப் படத்தை மாற்றுகிறார், மலையை எடுத்துவிட்டு ஏரியைப் போடுகிறார், ஏரி பிடிக்காமல் மறுபடி மலைக்கே வருகிறார், எழுத்தின் அளவை ஒரு புள்ளி குறைத்து நாற்காலியைப் பின்னால் தள்ளி ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார், "என்னா வேகம்!" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்கிறார். வேகமாக எங்கே போகிறார்? எங்கும் போவதில்லை. அடுத்த அப்டேட்டுக்குக் காத்திருக்கிறார். மின்கட்டணம் கட்டுவதற்கும், பிரிண்ட் எடுப்பதற்கும், பிள்ளையின் பள்ளிக்கூட விண்ணப்பத்தை நிரப்புவதற்கும் மட்டும், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் போடாமல் பழசுக்குள் நுழைந்து வேலையை முடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார். உலகத்தில் மற்றவர்கள் சின்ன வீட்டை மறைத்து வைப்பார்கள். சின்ன வீட்டை ஊருக்கெல்லாம் சுற்றிக் காட்டிவிட்டுப் பெரிய வீட்டுக்குத் திருட்டுத்தனமாகப் போய்வருகிற ஒரே பிறவி இவர்தான்.

ஒருமுறை கையும் களவுமாகப் பிடிபட்டார்.

"என்ன மாமா, பழசுல இருக்கீங்க?"

"சும்மாடா. தப்பிருக்கான்னு பாக்க வந்தேன்."

மாமா என்று கூப்பிட்டதிலிருந்து தெரிந்திருக்கும். இவர் என் அக்காவின் கணவர். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். பட்டத்தைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். கம்ப்யூட்டர் விஷயம் எதுவென்றாலும் சொந்தக்காரர்கள் அதன் கீழே நின்று என்னிடம்தான் சந்தேகம் கேட்பார்கள். மாமா வந்த பிறகு யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் சந்தேகம் போய் நிச்சயமே வந்துவிட்டது, கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டதென்று.

இதெல்லாம் சிரிக்கிற கதை. அக்காவுக்கு நேர்முகத் தேர்வு வந்ததே, அது சிரிக்கிற கதையாக ஆரம்பிக்கவில்லை.

குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவள் அக்கா. குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் மறுபடி வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். "இவ்வளவு வருஷம் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டுக் கேட்டே எல்லா இடத்திலும் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனி கணக்குப் பிரிவில் மேற்பார்வையாளர் வேலைக்கு வீடியோவில் பேச வரச் சொன்னது. அக்கா இருந்த ஒரே நல்ல சேலையை எடுத்து இஸ்திரி போட்டாள். கண்ணாடி முன் நின்று பதில்களைச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, மாமா ஏற்கெனவே இரண்டும் போட்டு வைத்திருந்த வீட்டு லேப்டாப்பைக் காட்டி, அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன். அந்த லேப்டாப்பைத் தொடாதீங்க."

"நான் எதுக்குத் தொடப் போறேன்?"

தேர்வு நாள் காலையில் நான் வேலைக்குப் போயிருந்தேன். நடந்ததை அக்கா சொல்லித்தான் தெரியும். அவள் தலை வாரிக்கொண்டிருந்த நேரத்தில், சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, அதற்காக மட்டுமே, மாமா லேப்டாப்பைத் திறந்திருக்கிறார். கறுப்புத் திரை வந்தது. அக்கா ஓடிவந்தாள்.

"பழசு! பழசை அமுக்குங்க!"

"அமுக்கறேன், அமுக்கறேன். இந்த மெனுவைப் பாரேன், எவ்வளவு அழகா ரெண்டையும் மேலயும் கீழயும் அடுக்கி... இதோட ஓரத்துக்கு நீலக் கலர்கூட நான்தான்..."

நீலக் கலரோடு பத்து நொடியும் முடிந்தது. புதுசு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. அணைத்துத் திறக்க நேரமில்லை, அழைப்பு வந்துவிட்டது. கேமராவைப் போட்டால் அக்காவின் முகம் தலைகீழாகத் தொங்கியது.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்ல, இந்த மாடல் கேமரா புதுசுல இப்படித்தான் தெரியும். ஒரே ஒரு கமாண்ட். அரை மணி நேரத்துல நேராயிடும்."

போனில் பேசக்கூடாதா என்கிறீர்கள். அக்காவின் போனுக்கும் மாமா முந்தின வாரம் ஒன்று போட்டுத் தந்திருந்தார். அது இப்போது டார்ச் லைட்டாக மட்டும் வேலை செய்கிறது. அவருடைய போன், அப்டேட்டில் இருந்தது.

அக்கா அழவில்லை. லேப்டாப்பைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்தாள். கேமரா கவிழ்ந்ததில், அந்தப் பக்கம் போகிற முகம் நேரானது. "உக்காருங்க கீழே" என்றாள். மாமா மேசைக்கு அடியில் மண்டிபோட்டார். "பிடிங்க." இரண்டு கையையும் மேலே தூக்கி, தலைகீழ் லேப்டாப்பை மேசை விளிம்புக்கு மேல் ஏந்திக்கொண்டார். அவர்களுக்கு அக்கா நேராகத் தெரிந்தாள். அக்காவுக்குத்தான் தேர்வுக்குழுவில் இருந்த மேலாளர் அம்மாவும், கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவரும் வௌவால் மாதிரி தொங்கினார்கள். தொங்கினால் என்ன? கேள்வி நேராகத்தானே வந்தது.

"நெருக்கடியான சூழ்நிலையில வேலை பாத்த அனுபவம் இருக்கா?" என்று கேட்டார் மேலாளர் அம்மா.

"இப்பவே பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், மேடம்."

மாமாவின் கை நடுங்க ஆரம்பித்தது.

"உங்க பக்கம் நிலநடுக்கமா?"

"இல்ல மேடம். மேசை கொஞ்சம் பழசு."

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கணக்கைப் பற்றிக் கேட்ட எதற்கும் அக்கா திணறவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் சும்மா இருந்திருக்கலாம். "வீட்ல என்ன ஆபரேட்டிங் சிஸ்டம் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார்.

இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு இந்த இனம் வாயை மூடிக்கொண்டிருந்ததாகச் சரித்திரமே கிடையாது. மேசைக்கு அடியிலிருந்து ஒரு தலை எழும்பியது.

"ரெண்டு சார்!"

அந்தப் பக்கம் தலைவரின் முகம் மலர்ந்தது. "அட, ரெண்டா? பழசுக்குப் பக்கத்துலயேவா? எவ்வளவு இடம் ஒதுக்குனீங்க?"

"பாதிக்குப் பாதி சார்!"

"நானும் அப்படித்தான்! எங்க ஆபீஸ்ல எல்லா மெஷின்லயும் போட்டுட்டேன். மேடத்தோடதுலகூட. ஒண்ணும் ஆகாதுன்னேன், நம்பவே மாட்டேன்னாங்க!"

அவ்வளவுதான். பதிப்பு எண் என்ன, அப்டேட் எப்போது வரும், ஓரத்துக்கு நீலம் நல்லதா பச்சை நல்லதா என்று, பிறந்ததும் பிரிந்துபோன அண்ணன் தம்பி போல இருவரும் அளவளாவ ஆரம்பித்தார்கள். தலைவர் தம் பென் டிரைவையும் கையில் எடுத்துவிட்டார், அங்கேயே செருகிக் காட்டுவதற்கு. அக்காவுக்கு ஒதுக்கிய நேரம் கரைந்துகொண்டிருந்தது. வேலை கையை விட்டுப் போவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள், அதுவும் தலைகீழாக.

போதும் என்று முடிவு செய்தாள். மேசைக்கு அடியில் காலால் ஓர் உதை விட்டாள். மாமாவின் தலை மறைந்தது. பிறகு தலைவரைப் பார்த்து, வீட்டில் பேசும் அதே குரலில் சொன்னாள்:

"சார், கையை எடுங்க. எதையும் தொடாதீங்க. நான் பேசி முடிக்கிற வரைக்கும் அந்தப் பென் டிரைவைப் பைக்குள்ள வைங்க."

தலைவர் வைத்துவிட்டார். கேள்வி கேட்காமல் வைத்துவிட்டார்.

மேலாளர் அம்மா முன்னால் சாய்ந்தார். "உங்க வீட்லயும் ஒருத்தரா?"

"ஆமாம் மேடம். கல்யாணம் ஆனதிலிருந்து."

"வேலையிடைவெளின்னு எழுதியிருக்கே, அவ்வளவு காலமும் இவரைத்தான் சமாளிச்சீங்களா?"

"இவரையும் குழந்தையையும். குழந்தை சொன்னாக் கேக்கும் மேடம்."

"திங்கட்கிழமை வந்து சேந்துடுங்கம்மா. கணக்குப் பாக்கிற ஆள் எனக்கு வேற எங்கயும் கிடைப்பாங்க. இந்த மனுஷனைப் பென் டிரைவைக் கீழே வைக்க வெச்ச முதல் ஆள் நீங்கதான்."

அழைப்பு முடிந்ததும் மாமா மேசைக்கு அடியிலிருந்து தவழ்ந்து வந்து, மரத்துப்போன கைகளை உதறியபடி சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "பாத்தியா? பழசா இருந்தா கிடைச்சிருக்குமா?" இன்றைக்கும் தெருவில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார். அக்கா முதல் சம்பளத்தில் தனக்கென்று ஒரு லேப்டாப் வாங்கிவிட்டாள். அலுவலகம் போகும்போது அதைக் கையோடு கொண்டுபோகிறாள். குளிக்கப் போகும்போதும் கொண்டுபோகிறாள்.

நல்லவேளை, நாம் அந்த இனமில்லை என்று பெருமூச்சு விடுகிறீர்கள். விடுங்கள். ஆனால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அக்காவின் முகம் தலைகீழாகத் தொங்கியதே, அந்த இடத்தில் அவளுக்காக உங்கள் மனம் பதறியதா? அல்லது, 'இதுக்கு எதுக்கு அரை மணி நேரம், நானா இருந்தா ரெண்டே நிமிஷத்துல சரி பண்ணியிருப்பேனே' என்று ஒரு குரல் கேட்டதா?

கேட்டதா? அப்படியானால் எங்கள் வீட்டுக்கு நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். பையை மட்டும் வாசலிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.