சங்க வண்டியின் கூரை

மூன்றாவது சொட்டு நேராகச் செக்ரட்டரி மயில்வாகனத்தின் மூக்கின்மேல் விழுந்தது.

ஒழுகல் எந்த மட்டில் இருக்கிறது என்று தாமே பார்க்க வேண்டும் என்று, பட்டு விற்பனைச் சங்கத்தின் வண்டிக்குள் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார் அவர். பழைய பஸ் ஒன்றை வாங்கி, சீட்டுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இரண்டு கட்டில், புடவை அலமாரி, ஸ்டவ் வைக்க ஒரு மேடை என்று அமைத்த வண்டி அது. பெங்களூர், பூனா என்று பொருட்காட்சிக்குப் போகும் விற்பனையாட்கள் அதிலேயே சமைத்து அதிலேயே தூங்குவார்கள். போன வருஷம் குடை பிடித்துக்கொண்டு தூங்கினார்கள்.

"தணிகாசலம், இந்தக் கூரையை நீதான் பாக்கணும்" என்றார் செக்ரட்டரி, மூக்கைத் துடைத்தபடி.

தணிகாசலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் சங்கத்தில் தற்காலிகக் குமாஸ்தா. கதவைப் பூட்டினால் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவன். பாதி வழி போய், இழுத்துப் பார்த்தோமா என்று பார்க்க மறுபடியும் வருபவன்.

"சார், மெக்கானிக் யாரையாவது..."

"மெக்கானிக்கும் வேணாம், ஒருத்தனும் வேணாம். உன்னை நம்பித்தான் குடுக்கறேன். பெரிய ஆபீசர் ஐப்பசி மாசம் வண்டியைப் பாக்க வராரு. அவரு பாத்துட்டுப் போன கையோட உன் பர்மனன்ட் ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன்."

பர்மனன்ட்! திருப்புட்குழி லோகாம்பாளை அவனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு நடந்து இரண்டு வருஷமாகிறது. "வேலை நிரந்தரமானா தட்டு மாத்திக்கலாம்" என்று பெண்ணின் அப்பா சொன்னவர்தான், அதன் பிறகு வாயே திறக்கவில்லை. தை பிறந்தால் வேறு இடம் பார்க்கப் போவதாகக் கேள்வி.

எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்பது தணிகாசலத்தின் கொள்கை. ஓட்டை எங்கே என்று தெரியாமல் எதை அடைப்பது? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டான். சாயப்பட்டறையிலிருந்து மிச்சச் சாயத் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்தான். கூரையின் முன்பக்கம் அரக்குச் சிவப்பு, நடுவில் பச்சை, பின்பக்கம் மஞ்சள். உள்ளே எந்த நிறம் சொட்டுகிறதோ, அந்தப் பக்கம் ஓட்டை.

டிரைவர் சிட்டிபாபு மேலே ஏறி ஊற்றினான். தணிகாசலம் உள்ளே அண்ணாந்து நின்றான்.

"இன்னா கலர்பா வருது?" என்று மேலிருந்து குரல்.

"எல்லாமே கஷாயக் கலர்ல வருதுண்ணே!"

மூன்று நிறமும் கூரையிலேயே ஒன்றாகக் கலந்து, எல்லா ஓட்டை வழியாகவும் இறங்கியது. மெத்தை, அலமாரி, தணிகாசலத்தின் ஒரே வெள்ளைச் சட்டை எல்லாம் நனைந்தன. சோப்புப் போட்டுத் தேய்த்தார்கள். காஞ்சிபுரத்துச் சாயம் அது. போகுமா?

செக்ரட்டரி வந்து பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தவனின் முதுகில் தட்டிக்கொடுத்தார். "பரவால்லபா. விடாத, செய்."

அடுத்தது தார். ரோடு போடுகிறவர்களிடம் ஒரு டப்பா கேட்டு வாங்கி, கூரை முழுக்கப் பூசினான். காய்ந்துவிட்டதா என்று சந்தேகம் வந்தது. குடைக்கம்பியால் குத்திப் பார்த்தான். அங்கே காய்ந்திருந்தது, இங்கே? இங்கேயும் குத்தினான். சந்தேகம் தீர்வதற்குள் துருப்பிடித்த கூரைத் தகரம் சல்லடையாகிவிட்டது. புரட்டாசி வெயிலில் தார் இளகி, குத்திய இடமெல்லாம் உள்ளே சொட்டியது. மத்தியானம் கட்டிலில் கண்ணயர்ந்த சிட்டிபாபு, தாரில் தலையோடு ஒட்டிக்கொண்ட தலையணையோடு எழுந்து வந்தான்.

"எட்றா தலையணையை!"

"இழுத்தா முடியோட வருதுண்ணே!"

"வந்தா வரட்டும்! வேண்டுதல் பாக்கி ஒண்ணு இருக்குது. அதுல கழிச்சிக்கறேன்!"

மொட்டைத் தலையோடு நின்ற டிரைவரைப் பார்த்துச் செக்ரட்டரி வாய்விட்டுச் சிரித்தார். "தணிகாசலம், நீ ஆளுதான்யா!" என்றார்.

தணிகாசலத்துக்குக் கண் கலங்கியது. இவ்வளவு பொறுமையான மனிதரை அவன் பார்த்ததில்லை.

அந்தப் பொறுமைக்கு ஈடாக, ஆயிரம் வருஷம் தாங்கும்படி ஒன்றைச் செய்துவிடத் துணிந்தான். கோயில் மண்டபத்து மேல்தளத்துக்குப் பூசுகிற சாந்து இருக்கிறதே! சுண்ணாம்பை அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லப்பாகும் ஊற்றிக் குழைத்து, கூரைமேல் விரல் கனத்துக்கு அப்பினான். தளத்துக்குச் சரி. ஆடி ஓடுகிற வண்டிக்கு? அதைச் சோதிக்கவே வாய்க்கவில்லை. வெல்ல வாசனைக்கு முதலில் எறும்பு வந்தது. பிறகு கோயில் குரங்குகள் குடும்பத்தோடு வந்தன. சாந்தைப் பெயர்த்து நக்கிப் பார்த்துத் துப்பின. அந்த ஆத்திரத்திலோ என்னவோ, காற்றுக்கு வைத்திருந்த மேல்மூடியைப் பிடுங்கிக்கொண்டு கோபுரத்தின்மேல் ஏறிவிட்டன.

சிட்டிபாபு உள்ளே போய் அண்ணாந்து பார்த்தான். "முன்ன தண்ணிதான் வந்துக்கினு இருந்தது. இப்ப வானமே உள்ள வந்துடுச்சுபா."

செக்ரட்டரியும் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "போதும்பா, இப்படியே விட்டுடு" என்று அன்பாகச் சொல்லிவிட்டு, ஒரு வாரம் மெட்ராஸுக்குப் போனார்.

இப்படியே விட்டுடு. கைகழுவிவிட்டார் என்றுதானே அர்த்தம்? தணிகாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை. லோகாம்பாள் வேறு யார் வீட்டுப் படியோ ஏறுவது கண்ணில் தெரிந்தது.

மறுநாளே கூரையைச் சுரண்ட ஆரம்பித்தான். தார், சாந்து எல்லாம் போய்த் தகரம் தெரியும்வரை சுரண்டினான். பாத்திரத்துக்கு ஈயம் பற்றவைக்கிற வீராசாமியைக் காலில் விழாத குறையாக அழைத்துவந்து, புது மூடி வெட்டி, ஓட்டைகளையெல்லாம் பற்றவைத்தான். தகரம் சேரும் இடங்களில் பட்டி பூசி, மேலே கித்தான் துணி ஒட்டி, பெயின்ட் அடித்தான். காய்ந்ததா என்று சந்தேகம் வந்தது. குடைக்கம்பியைக் கையில் எடுத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு கீழே வைத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றைக் குத்திப் பார்க்காமல் விட்டான்.

ஆபீசர் வந்த அன்று மழை கொட்டித் தீர்த்தது. மெட்ராஸிலிருந்து அவரோடு காரில் வந்திறங்கிய செக்ரட்டரி, மழையைப் பார்த்து மலர்ந்த முகத்தோடு அவரை வண்டிக்குள் அழைத்துப் போனார். தணிகாசலம் வாசற்படியில் நின்றான். ஆபீசர் கட்டிலில் உட்கார்ந்தார். அண்ணாந்து பார்த்தார். மேலே மழை தடதடவென்று அடித்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

"அருமையா இருக்குதே! யாரு செஞ்சது?"

"நான்தான் சார்" என்றான் தணிகாசலம். இருபத்தெட்டு வயதில் அப்படி ஒரு குரல் தனக்குள் இருப்பது அவனுக்கே அன்றுதான் தெரிந்தது.

ஆபீசர் கைகுலுக்கிவிட்டுப் போனார். அவருடைய கார் தெரு திரும்பும்வரை கும்பிட்டுக்கொண்டிருந்த செக்ரட்டரி திரும்பியபோது அவர் முகம் கறுத்துக் கிடந்தது.

"நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வர வேணாம்."

"சார்! ஒழுகலையே சார்!"

செக்ரட்டரி ஆபீசுக்குள் போனார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

கொட்டுகிற மழையில் நனைந்தபடி தணிகாசலம் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். எந்த மூலையிலாவது ஒரு சொட்டு, தன் கண்ணுக்குப் படாமல் விழுந்திருக்குமோ?

சிட்டிபாபு மொட்டைத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான்.

"ஊர்ல எத்தினி மெக்கானிக் இருக்கான்! ஆபீசரு பாத்துட்டுப் புது வண்டி சாங்ஷன் பண்ற வரைக்கும் இது ஒழுவிக்கினே இருக்கணும்னு, எதைத் தொட்டாலும் கெடுக்கற ஆளா தேடித்தான் உன்ன போட்டாரு செக்ரட்டரி. அதையும் கெடுத்துட்டியேபா!"