ஐயோ அக்கா கப்பல் ஏறிய கதை

உலகத்தில் உள்ள பயங்களை எல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி, அந்த மூட்டைக்குச் சேலை உடுத்திவிட்டால் அதுதான் எங்கள் ஐயோ அக்கா. திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் வைத்திருக்கும் போன் கடை வாசலில்தான் அவர் பனையோலைப் பெட்டிகளைப் பரப்பி விற்பார். வாயைத் திறந்தால் முதலில் "ஐயோ" வரும். மற்றதெல்லாம் பிறகுதான்.

கரப்பான் பூச்சிக்குப் பயம். காக்கிச் சட்டைக்குப் பயம். பஸ் நிலையத்தில் ஆடு மாடு போல வாழைப்பழத் தோல் தேடித் திரிகிற எங்கள் ஊர் மான்களுக்குக்கூடப் பயம். பெட்டி வாங்க வருகிறவர்களையும் சும்மா விடமாட்டார்.

"ஐயோ, மூடியைக் கவனமாத் திறவுங்கோ, ஓலை கையை வெட்டிப்போடும்!"

கடையைப் பூட்டிவிட்டு நான் வீட்டுக்குப் போனதும் போன் அடிக்கும். "தம்பி, போய்ச் சேந்திட்டீங்களோ?" என் வீடு அடுத்த ஒழுங்கையில்தான் இருக்கிறது.

ஊரில் பாதிப் பேர் வெளிநாட்டுக் காசை எதிர்பார்த்திருக்க, அக்கா மட்டும் பெட்டி விற்று வெளிநாட்டுக்குக் காசு அனுப்பினார். சண்டைக் காலத்தில் சிறுபிள்ளையாக வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய், அகதி முகாமில் வளர்ந்தவர். எழுதப் படிக்கப் பழகியது அங்கே நடந்த மாலை வகுப்பில். முகாமில் இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள், வகுப்பும் இருக்கிறது. பெட்டிக் காசு அதற்குத்தான். கடலுக்கு அவர் பயப்படத் தொடங்கியது அந்த வள்ளத்தில்தான். ஊர் திரும்பிய பிறகும் கடற்கரைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

அந்த வருஷம் காற்று வகுப்பின் கூரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மழைக்கு முன் கூரை போடாவிட்டால் வகுப்பை மூட வேண்டியதுதான் என்று முகாமிலிருந்து செய்தி வந்தது. அதே கிழமை ஒரு உல்லாசப் பயணக் கப்பல் துறைமுகத்துக்குள் வந்து நடுவில் நங்கூரம் போட்டது. கப்பலிலேயே பெட்டி விற்கலாம், ஆனால் இழைத்துக் காட்டுகிற ஆள் வரவேண்டும் என்று கப்பல் ஏஜன்சிக்காரர் சொல்லியனுப்பினார்.

"ஐயோ, எனக்கு ஏலாது தம்பி. கடலெண்டா நெஞ்சு அடைக்குது."

"அப்ப கூரை, அக்கா?"

அவர் விற்காத பெட்டிகளை மடமடவென்று அடுக்கத் தொடங்கினார். மறுநாள் காலை இறங்குதுறைக்கு வந்தவரைப் பார்த்து, எங்களை ஏற்றிப்போக நின்ற படகுக்காரர் ரஹீம் நானா தலையைச் சொறிந்தார். அக்காவின் இடுப்பைச் சுற்றிக் கயிறு. கயிறு நிறையப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இறுக்கி மூடிய வெற்றுச் சோடாப் போத்தல்.

"என்ன தங்கச்சி இது?"

"மிதக்கிறதுக்கு நானா."

"அதுக்குத்தானே லைஃப் ஜாக்கெட் தாறன்!"

"அதை ஆர் தைச்சதோ? இது நான் இழைச்சது."

இரண்டையும் போட்டுக்கொண்டு ஏறினார். படகு அசைந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தார். எனக்கும் நீந்தத் தெரியாது என்பதை அந்த நேரத்தில் சொல்வது சரியாகப் படவில்லை. தண்ணீர் கறுத்து, அடி தெரியாமல் கிடந்தது. அக்காவின் நடுக்கம் கை வழியாக எனக்கும் ஏறி, கப்பலை அடைந்தபோது என் பற்களும் அடித்துக்கொண்டிருந்தன.

மேசையில் பரப்பிய பெட்டிகளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் அக்காவின் இடுப்பில் இருந்ததுதான் வேண்டும். ஒரு வெள்ளைக்கார அம்மா உள்ளே இருந்த போத்தல் எதற்கு என்று கேட்டார். எங்கள் வழக்கம் என்று ஒரே போடாகப் போட்டேன். அதற்குப் பிறகு போத்தல் பெட்டிக்கு அடிபிடி.

பெட்டிகள் ஒவ்வொன்றாக அவிழ அவிழ அக்காவின் முகம் வெளிறிக்கொண்டு வந்தது. கடைசிப் பெட்டிக்கு ஒரு கிழவர் வந்தார். அதைத் தந்தால் மேசையில் உள்ள முழுவதையும் சேர்த்து எடுப்பதாகச் சொன்னார். அக்கா பெட்டியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"ஐயோ தம்பி, இதையும் குடுத்தா நான் எப்பிடித் திரும்பிப் போறது?"

நான் எட்டிக் கீழே கடலைப் பார்த்தேன். எனக்குமே அந்தப் பெட்டியில் ஒரு கண் இருந்தது. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார்.

திரும்பும்போது யாரோ தைத்த ஜாக்கெட்டையும் என் கையையும் தவிர அவருக்கு வேறு பிடிமானம் இல்லை. கரை வரும்வரை "ஐயோ" என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

மழைக்கு முன்பே கூரை போட்டாயிற்று. முகாமிலிருந்து படம் அனுப்பினார்கள். அக்கா உற்றுப் பார்த்துவிட்டு, "ஐயோ, இந்தத் தகரமும் காத்துக்குப் பறக்காதோ?" என்றார்.

மாலைப் போன் இன்றும் தவறாமல் வருகிறது. ஒரு நாள் அது கொஞ்சம் பிந்தினால் எனக்குச் சோறு இறங்காது. சட்டையை மாட்டிக்கொண்டு அக்காவின் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கிவிடுகிறேன்.